புது வண்டி ஏன் உதறுகிறது? ஒரு விசாரணைக் குறிப்பு

மேலூர் போய்த் திரும்பி மாட்டுத்தாவணி சிக்னலில் நிற்கும்போதுதான் முதலில் கவனித்தேன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன. வண்டி வாங்கி 12 நாள்தான் ஆகியிருந்தது. ஓடோமீட்டரில் 340 கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் அரை மணி நேரத்துக்கு விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. தட்டச்சு செய்துதான் சம்பளம் வாங்குகிறேன் என்பதால் கொஞ்சம் பயந்தேன் என்றே சொல்லலாம்.

வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைசியில் தப்பு கம்பெனியுடையதும் இல்லை. சர்வீஸ் சென்டரில் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: "புது வண்டில்ல சார், ரிங் செட் ஆகணும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடுச்சுன்னா எல்லாம் சரியாயிரும்."

இந்தப் பதிலை மதுரையில் புது வண்டி வாங்கிய பாதிப் பேர் கேட்டிருப்பார்கள். இதில் பாதி உண்மை. ரன்னிங் இன் காலத்தில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகும், உராய்வு குறையும், எஞ்சின் சத்தம் கொஞ்சம் மென்மையாகும். போல்ட்டுகள் எல்லாம் ஒரு சுற்று அமர்ந்து தளரும். முதல் சர்வீசில் அவற்றைத் திரும்ப முடுக்குவது அதனால்தான். ஆனால் கையை மரக்க வைக்கிற அதிர்வுக்கு முதல் காரணம் உராய்வு இல்லை, எடை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் பிஸ்டனின் எடை குறையாது. ஆகவே "ஓட ஓடச் சரியாகும்" என்று காத்திருப்பதற்கு முன், எது உதறுகிறது என்று கண்டுபிடிக்கலாமே என்று இறங்கினேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பிழை தேடுவது என் தொழில்.

முதலில் கணக்கு. என் மாதிரி வண்டியில் ஸ்ட்ரோக் ஏறக்குறைய 58 மில்லிமீட்டர். பிஸ்டன், பின், கனெக்டிங் ராடின் மேல் முனை எல்லாம் சேர்த்து 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 6000 ஆர்.பி.எம்.மில் அந்த 200 கிராம் ஒரு விநாடிக்கு 100 தடவை மேலே போய் நின்று, திரும்பி, கீழே வந்து நின்று, மறுபடி திரும்புகிறது. அப்படி நிறுத்தித் திருப்ப எவ்வளவு விசை வேண்டும்? சுமார் 2300 நியூட்டன். நம் பாஷையில் 230 கிலோ எடை. ஒரு புல்லட்டையும் அதன் மேல் ஒரு சின்னப் பையனையும் தூக்குகிற அளவு. அந்த விசை விநாடிக்கு 100 முறை எஞ்சினை மேலும் கீழும் உதைக்கிறது. வேகம் பாதியானால் விசை கால்பங்கு: 3000 ஆர்.பி.எம்.மில் சுமார் 58 கிலோதான். இந்த வர்க்கக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிராங்க்கில் எதிர்எடை வைத்து இதைச் சமன் செய்யக்கூடாதா என்று கேட்கலாம். வைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பிஸ்டன் நேர்கோட்டில் போய்வருகிறது, எதிர்எடையோ வட்டத்தில் சுற்றுகிறது. மேல்கீழ் உதையை முழுசாகச் சமன் செய்தால் அதே அளவு உதை முன்பின்னாகத் திரும்பிவிடும். அதனால் பாதியளவு சமன் செய்து மீதியை விட்டுவிடுவது பழைய வழக்கம். அந்த மீதியைக் கொல்ல, கிராங்க்கின் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு ஷாஃப்ட் வேண்டும். அதுதான் பேலன்சர் ஷாஃப்ட். என் வண்டியில் அது கிடையாது.

இதற்கு நம் ஊர் உதாரணம் புல்லட்தான். 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அந்த 350 எஞ்சினுக்கு போர் 70, ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். பெரிய பிஸ்டன், நீண்ட ஓட்டம், பேலன்சர் இல்லை. மெதுவாகச் சுற்றும்வரை அது 'டுக் டுக்' என்கிற அழகு; வேகம் கூடினால் கண்ணாடியில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாது. அரை நூற்றாண்டுக்கும் மேல் அப்படியே ஓடியது. 2020 நவம்பரில் மீட்டியார் 350 வந்தபோதுதான் அந்த 350 வரிசைக்கு பேலன்சர் ஷாஃப்ட் வைத்த புது எஞ்சின் கிடைத்தது. 2021 செப்டம்பரில் அதே எஞ்சின் கிளாசிக்குக்கும் வந்தது. போர் 72, ஸ்ட்ரோக் 85.8. அப்போது "பழைய புல்லட் மாதிரி இல்லையே" என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் இழந்ததாகச் சொன்னதில் ஒரு பங்கு அந்த உதறல்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி, உதறலைக் கொல்லாமல் தனிமைப்படுத்துவது. 1967இல் இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனி கமாண்டோ என்கிற வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக ரப்பரில் தொங்கவிட்டது. எஞ்சின் உள்ளே குதிக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய கம்பெனியின் வழியில் வந்த டி.வி.எஸ். மோட்டார்தான் 2020இல் நார்ட்டனை வாங்கியது. இந்த விசாரணைக்கு அது தேவையில்லாத தகவல், மதுரைக்காரன் என்பதால் சொல்லிவைத்தேன்.

சரி, விசாரணை. எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி "எங்கே உதறுது?" என்பது. ஹேண்டிலா, ஃபுட்ரெஸ்ட்டா, சீட்டா? அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அதிர்வு எங்கே பிறந்தாலும் ஹேண்டிலுக்கு வந்து சேர்ந்துவிடும். கேட்க வேண்டியது "எதோடு சேர்ந்து உதறுது?" என்பது. எஞ்சின் சுற்றோடு சேர்ந்தா, சக்கரத்தின் சுற்றோடு சேர்ந்தா?

ஏனென்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். என் முன்சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.86 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 9 சுற்று, அதாவது 9 ஹெர்ட்ஸ். அதே நேரம் டாப் கியரில் எஞ்சின் 5000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் 83 ஹெர்ட்ஸ். 9 என்பது கைக்கு 'தட தட' என்று எண்ணக்கூடிய ஆட்டம். 83 என்பது 'கிர்ர்' என்கிற கூச்சம். விரல் மரப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையில். கையாலேயே பாதி விஷயத்தைப் பிரித்துவிடலாம்.

செயினும் தன் பங்குக்கு ஒன்று செய்யும். செயினில் ஓரிடத்தில் மட்டும் இறுக்கம் இருந்தால் செயின் ஒரு முழுச் சுற்று வரும்போதெல்லாம் ஒரு இழுப்பு தெரியும். சுமார் 130 கண்ணி உள்ள செயின், 42 பல் உள்ள பின் ஸ்ப்ராக்கெட் என்றால் சக்கரம் மூன்று சுற்றுக்கு ஒரு முறை. 60 கிலோமீட்டரில் விநாடிக்கு மூன்று இழுப்பு. ஃபுட்ரெஸ்ட்டில் 'டுக்... டுக்' என்று வரும், உதறல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்று சோதனை செய்தேன். யாரும் வீட்டிலேயே செய்யலாம், இரண்டாவதை மட்டும் ஆளில்லாத ரோட்டில், கண்ணாடியைப் பார்த்துவிட்டு.

முதலாவது, சென்டர் ஸ்டாண்டில் நியூட்ரல். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றினேன். 4500 வரை ஒன்றுமில்லை. 4800இல் கை கூசத் தொடங்கியது, 5100இல் உச்சம், 5600 தாண்டியதும் குறைந்துவிட்டது. சக்கரம் சுற்றவே இல்லை. ஆகவே டயர், ரிம், பேரிங், பிரேக் டிஸ்க் எதுவும் குற்றவாளி இல்லை.

இரண்டாவது, காலை ஆறு மணிக்கு ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் 65இல் போய்க்கொண்டே கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டேன். எஞ்சின் ஐடிலிங்குக்கு இறங்கியது, வண்டி அதே வேகத்தில் மிதந்தது. கூச்சம் அந்த நொடியே போய்விட்டது. சக்கரக் கோளாறாக இருந்திருந்தால் கிளட்ச் பிடித்தாலும் ஆட்டம் தொடர்ந்திருக்கும்.

மூன்றாவது, மூன்றாம், நான்காம், ஐந்தாம் கியர்களில் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன். ரோட்டு வேகம் மூன்றிலும் வேறு. கூச்சம் வரும் ஆர்.பி.எம். மூன்றிலும் ஒன்று.

இத்தனை சாட்சி போதும், எஞ்சின்தான் என்று எழுதிவிடலாம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. மேலே சொன்ன வர்க்கக் கணக்கு. எஞ்சினின் உதை மட்டும்தான் காரணம் என்றால் 5100ஐ விட 6500இல் கூடுதலாக உதற வேண்டும், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கும் மேல். இங்கே 5600க்குப் பிறகு குறைகிறது. அப்படியென்றால் ஏதோ ஒரு உறுப்பு அந்தக் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் தலையாட்டுகிறது. பள்ளிப் புத்தகத்தில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதுதான். வீட்டில் மிக்ஸி ஓடும்போது ஷெல்ஃபில் ஒரே ஒரு டம்ளர் மட்டும் பாடும். மிக்ஸியின் வேகத்தை மாற்றினால் அது நின்று இன்னொன்று பாடும். கோளாறு மிக்ஸியில் இல்லை.

இங்கேதான் ஃபோனைக் கொண்டுவந்தேன். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செய்த ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, ஃபோனுக்குள் இருக்கும் முடுக்கமானியை வைத்து அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும். பழைய ஃபோனாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐஃபோன் கேமராவின் உள் உறுப்புகளைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. ஹேண்டிலில் ஃபோன் மாட்டி மேப் பார்க்கிறவர்கள் இதைத் தனியாகவே கவனிக்க வேண்டும்.

டேங்க் மேல் இறுக்கமாக டேப் ஒட்டி அளந்தேன். ஒரு மாலை முழுக்க ஏமாந்தேன். எஞ்சினை 6000 வரை ஏற்றும்போது திரையில் உச்சி 100 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக ஏறியது. அதற்கு மேல் ஏற்றினால் உச்சி திரும்பி இறங்கியது. 6600இல் 90 என்று காட்டியது. எஞ்சினுக்குள் ஏதோ விபரீதம் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் என்னென்னவோ கற்பனை செய்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த ஃபோன் விநாடிக்கு 200 முறைதான் அளவெடுக்கிறது. 200 முறை அளந்தால் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது எதுவும் உண்மையாகத் தெரியாது. 110 என்பது மடிந்து 90 ஆகத்தான் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கதை. இருபது வருஷம் மென்பொருள் எழுதுகிறவன் இதில் ஏமாறலாமா? ஏமாந்தேன். 6000க்குக் கீழே இருக்கும் அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப்போட்டேன்.

மிஞ்சியதில் தெளிவாக இருந்தது ஒன்று: 85 ஹெர்ட்ஸில் ஒரு கூரான முகடு. 5100ஐ 60ஆல் வகுத்தால் 85.

பிறகு இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் அதே மாடல் இருப்பது நினைவுக்கு வந்தது. அவர் வண்டியில் அதே ஃபோன், அதே இடம், அதே டேப். முகடே இல்லை. உதறல் இருந்தது, ஆனால் ஆர்.பி.எம். ஏற ஏறச் சீராக ஏறியது, கணக்கு சொல்கிறபடி. இந்த ஒப்பீட்டை முதல் நாளே செய்திருக்க வேண்டும். புது வண்டி உதறுகிறது என்று நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான், ஏனென்றால் சில வண்டிகளின் பிறவிக் குணமே அப்படி இருக்கும்.

இரண்டு வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். அவர்தான் சொன்னார், "உங்கள்ல லெக் கார்டு இருக்கு சார், என்னதுல இல்ல."

லெக் கார்டு என்பது எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் அந்த இரும்புக் குழாய். ஷோரூமில் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் என்று டெலிவரி அன்றைக்கே மாட்டிக் கொடுப்பார்கள். வாங்கும்போது யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. அது மேலே ஃப்ரேமில் ஒரு கிளாம்ப், கீழே எஞ்சினை ஃப்ரேமோடு பிடிக்கும் முன் மவுண்டிங் போல்ட்டிலேயே கோத்து நிற்கிறது. அதாவது மாட்டுவதற்காகக் கம்பெனி முடுக்கிய போல்ட்டைக் கழற்றி, கொஞ்சம் நீளமான வேறொரு போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். கதையைப் பாதிதான் சொல்லியிருப்பேன், ஸ்பானரை வைத்துவிட்டு நட்டை ஆட்டிப் பார்த்தார். "டைட்டாத்தான தம்பி இருக்கு" என்றார். பிறகு கீழே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்தார். "நட்டு டைட்டு. ஆனா எஞ்சின் டைட்டு இல்ல."

நடந்தது இதுதான். போல்ட்டில் மரை பாதி நீளம்தான் இருக்கும், மீதி வழுவழுப்பான தண்டு. நீளமான போல்ட்டைப் போட்டதில் நட் மரை முடியும் இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. ஸ்பானருக்கு அது இறுகியது போலத் தெரியும். ஆனால் நட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. பட்டை எஞ்சினைப் பிடிக்கவே இல்லை. எஞ்சினின் முன்பக்கம் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பிடிமானம் குறைந்தால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் கீழே இறங்கும். அதோடு நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயின் எடையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். வழக்கமாக நாம் ஓட்டும் ஆர்.பி.எம்.முக்குள் அது வந்து உட்கார்ந்துவிட்டது. டார்க் ரென்ச் வைத்து முடுக்கினாலும் இது தப்பித்திருக்கும் என்பதுதான் இதில் மோசமான விஷயம். ரென்ச் அளப்பது நட் எவ்வளவு இறுகியது என்பதை, எதை இறுக்கியது என்பதை அல்ல.

லெக் கார்டைக் கழற்றி, பழைய அளவு போல்ட்டைப் போட்டு, சர்வீஸ் மேனுவலில் சொன்ன டார்க்கில் முடுக்கினோம். செலவு ஒரு போல்ட், ஒரு டீ. மறுபடி அளந்தபோது 85 ஹெர்ட்ஸ் முகடு காணாமல் போயிருந்தது. மேலூர் போய் வந்தேன், விரல் மரக்கவில்லை.

உங்கள் வண்டியில் விடை வேறாக இருக்கலாம், ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாக. உதறல் ரோட்டு வேகத்தோடு வந்தால் முதலில் காற்றழுத்தம் பாருங்கள். புது வண்டிக்கு ஷோரூமில் எவ்வளவு காற்று அடித்திருக்கிறார்கள் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். பிறகு டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ரிம் பெண்டா. பிரேக் பிடிக்கும்போது மட்டும் லீவர் துடித்தால் டிஸ்க். பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டிலில் 'டக்' என்றால் கோன் செட். ஹேண்டில் மட்டும் கூசி ஃபுட்ரெஸ்ட் அமைதியாக இருந்தால் ஹேண்டில் முனையில் உள்ள எடை இருக்கிறதா பாருங்கள். அது அழகுக்கு வைத்தது இல்லை, ஹேண்டிலின் ஒத்ததிர்வை நகர்த்த வைத்தது. கைப்பிடி உறை, பெரிய கண்ணாடி என்று மாற்றும்போது கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பேலன்சர் உள்ள வண்டியில் எஞ்சினைப் பிரித்து மாட்டிய பிறகு உதறல் வந்தால், பேலன்சர் கியரின் குறி ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.

கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கருவிகளின் அதிர்வால் தொழிலாளர் கைக்கு வரும் பாதிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வரம்பு வைத்தது: எட்டு மணி நேர வேலைக்கு 2.5 மீட்டர்/விநாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. இதில் அதிர்வு இரட்டித்தால் அனுமதிக்கப்பட்ட நேரம் கால்பங்காகும். 80 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அதிர்வை அந்த அளவுமுறை ஐந்தில் ஒரு பங்காகத்தான் எடுத்துக்கொள்கிறது, ஆகவே ஃபோன் காட்டும் எண்ணை அப்படியே ஒப்பிடக்கூடாது. அந்தக் கழிவெல்லாம் போக கைப்பிடியில் 5 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் ஒரு மணி நேரம் ஓட்டும் எனக்கு எட்டு மணிக் கணக்கில் 1.8தான் வரும். பத்து மணி நேரம் ஓட்டும் டெலிவரி தம்பிக்கு 5.6. அதே வண்டி, அதே போல்ட். அவரிடமும் "ஓட ஓடச் சரியாயிரும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதனால் சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த ஆர்.பி.எம்., எந்த கியர், நியூட்ரலில் வருகிறதா, கிளட்ச் பிடித்தால் போகிறதா என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். "வைப்ரேஷன்" என்று ஒற்றை வார்த்தை எழுதினால் "செக்டு, ஓகே" என்று வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு; அங்கே போகும் நிலை வந்தால் அந்தத் தாள்தான் பேசும். நானும் முதல் சர்வீசில் அப்படி எழுதிக் கொடுத்தேன். கூடவே அந்த நீளமான போல்ட்டையும் மேசையில் வைத்தேன். சூப்பர்வைசர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த பையனைக் கூப்பிட்டு, "இந்த வாரம் லெக் கார்டு போட்ட வண்டி எத்தனடா?" என்று கேட்டார்.

இப்போது 2100 கிலோமீட்டர் ஆகிறது. 7000க்கு மேல் ஏற்றினால் ஃபுட்ரெஸ்ட் இன்னும் கூசுகிறது, நண்பர் வண்டியிலும் அப்படித்தான். லெக் கார்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. ஃப்ரேமில் மட்டும் பிடிக்கிற மாதிரி மாற்றித் தர முடியுமா என்று வெல்டிங் பட்டறையில் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.